இண்டக்‌ஷன் ஹீட்டரில் மொஸ்ஃபெட் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். 24 வோல்ட் 15 அம்பியர் எஸ்எம்பிஎஸ் (டிசி கொடுக்கும் சப்ளை) ஒன்று, கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் மாதிரியான ஐஆர்எஃப்பி 260என் மொஸ்ஃபெட் இரண்டு, 0.33 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் ஆறு, ஏசிக்குப் போடும் கால் அங்குலச் செம்புக் குழாயில் சுற்றிய கொயில், இவற்றை வைத்து வீட்டில் ஒரு இண்டக்‌ஷன் ஹீட்டர் செய்திருக்கிறார். கொயிலுக்குள் விட்ட ஆணி, சின்னத் திருகாணி எல்லாம் அழகாகச் சிவந்தன. தடித்த உளி ஒன்றை உள்ளே விட்டதும் இரண்டு மொஸ்ஃபெட்டும் போய்விட்டன. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் புதுசு வாங்கிப் போட்டால், சுவர் சுவிட்சைப் போட்ட கையோடு அவையும் போகின்றன. இதைவிடப் பெரிய மொஸ்ஃபெட் போடலாமா, இல்லாவிட்டால் பக்கத்துக்கு இரண்டாகப் போடலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், தம்பி. இந்தச் சர்க்யூட்டில் மொஸ்ஃபெட் தானாகச் சாவது மிகக் குறைவு, வேறொன்று அதைக் கொல்கிறது. அந்த வேறொன்றைக் கண்டுபிடிக்காமல் எத்தனை வாங்கிப் போட்டாலும் காசுதான் போகும். உங்கள் விஷயத்தில் முதல் சோடி செத்த காரணமும் அடுத்த சோடி செத்த காரணமும் வேறு வேறு என்றே நினைக்கிறேன், அதனால் தனித்தனியாகவே பார்ப்போம்.

முதலில் இந்தச் சர்க்யூட் எப்படி ஓடுகிறது என்பது விளங்க வேண்டும். மசில்லி சர்க்யூட் என்றும் இஸட்விஎஸ் (வோல்டேஜ் பூச்சியத்தில் இருக்கும்போது மாறுவது) என்றும் சொல்கிறார்கள், சிலர் ரோயர் என்பார்கள். ரோயரில் கோர் காந்தத்தால் நிரம்பி, அதாவது சச்சுரேட் ஆகித்தான் மாறும், இதில் அப்படி இல்லை. 1959ல் பீட்டர் பக்சண்டால் எழுதிய ஒசிலேட்டர் வகைதான் இதற்குக் கிட்ட வருகிறது. மொஸ்ஃபெட்டுக்கு மூன்று கால்: கேட் என்ற காலில் வோல்டேஜ் வந்தால் திறந்து, டிரெய்னிலிருந்து சோர்ஸுக்குக் கரண்டை விடும். ஒரு மொஸ்ஃபெட்டின் கேட்டிலிருந்து அடுத்ததன் டிரெய்னுக்கு ஒரு டயோட் போகிறது. இந்தப் பக்கத்து டிரெய்ன் பூச்சியத்துக்கு இறங்கினால் அந்தப் பக்கத்து கேட்டையும் கீழே இழுத்து அணைக்கும், அரைச் சுற்று முடிந்ததும் அது தலைகீழாக நடக்கும். கேட்டை இயக்கத் தனி ஐசி எதுவும் கிடையாது. இப்படி மாறி மாறி ஓடும் ஒசிலேஷன் இருக்கும்வரைதான் ஒன்று ஓன், மற்றது ஓஃப். ஒசிலேஷன் நின்றால் இரண்டு கேட்டும் 470 ஓம் ரெசிஸ்டர் வழியாக மேலே போய், இரண்டு மொஸ்ஃபெட்டும் ஒன்றாக ஓன் ஆகிவிடும். இந்தச் சர்க்யூட்டில் நடக்கும் சாவுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான்.

இரண்டும் ஒன்றாக ஓன் ஆனால் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், உங்களுடைய கேஸ் இதற்குள்தான் இருக்கிறது. சப்ளைக்கும் கொயிலுக்கும் நடுவில் இருக்கும் சோக் (வளையத்தில் சுற்றிய கம்பி) டிசிக்கு வெறும் கம்பிதான். அதனால் சப்ளையிலிருந்து சோக் வழியாக, மொஸ்ஃபெட் வழியாக நேரே நெகட்டிவுக்கு ஷோர்ட். எஸ்எம்பிஎஸ் தன் எல்லையான 15 அம்பியருக்குக் கிட்டப் போனதும் வோல்டேஜைக் கீழே விடுகிறது. கேட்டுக்கும் அதே சப்ளைதானே, அதுவும் சேர்ந்து இறங்குகிறது. கேட் வோல்டேஜ் குறையக் குறைய மொஸ்ஃபெட் அரைகுறையாக மூடத் தொடங்கும், மூடினால் சப்ளை கொஞ்சம் ஏறும், ஏறினால் மறுபடி திறக்கும். கடைசியில் 4, 5 வோல்ட் கிட்ட எல்லாம் ஒரு சமநிலைக்கு வந்து நின்றுவிடும். 15 அம்பியரும் 5 வோல்ட்டும் என்றால் 75 வொட். அவ்வளவும் இரண்டு மொஸ்ஃபெட்டுக்குள் வெறும் சூடாகப் போகிறது, சின்ன ஹீட் சிங்க்கில் அது அதிக நேரம் தாங்காது. சுத்தமாக ஓன் ஆகியிருந்தால் 40 மில்லிஓமில் ஆளுக்கு 7.5 அம்பியர், அது இரண்டேகால் வொட்தான், கையால் தொடலாம். கொல்வது கரண்ட் இல்லை, அரைகுறையாகத் திறந்த கேட்.

இதைக் கண்டுபிடிப்பது லேசு. மல்டிமீட்டரை சப்ளையின் பிளஸ் மைனஸில் வைத்துக்கொண்டு ஒருவரைச் சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். ஊசி 24க்குப் போகாமல் 4, 5 வோல்ட்டில் வந்து ஒட்டிக்கொண்டால் அது லட்ச்அப், அதாவது இரண்டும் ஒன்றாக ஓன் ஆகி மாட்டிக்கொண்ட நிலை. உடனே அணைத்துவிட்டால் மொஸ்ஃபெட் பெரும்பாலும் பிழைத்துவிடும். உங்கள் இரண்டாவது சோடி போனது இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. நீங்கள் சுவர்ப் பக்கத்தில் சுவிட்சைப் போடுகிறீர்கள். எஸ்எம்பிஎஸ் எழும்பி 24 வோல்ட்டுக்கு வர மில்லிசெக்கன்கள் பல எடுக்கும். இரண்டு கேட்டும் ஒன்றாக மெதுவாக 4 வோல்ட்டைத் தாண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் திறக்கும், எந்தப் பக்கமும் முந்தாது. ஒசிலேஷன் தொடங்க ஒரு உதறல் வேண்டும், அது மெதுவாக ஏறும் வோல்டேஜில் கிடைக்காது. முதல் நாட்களில் நன்றாக ஓடியது என்கிறீர்கள், அது அதிர்ஷ்டம். இரண்டு மொஸ்ஃபெட்டுக்கும் திறக்கும் வோல்டேஜ் கொஞ்சம் வித்தியாசமாக இருந்திருக்கும், அந்த வித்தியாசம் உதவியிருக்கும்.

இதற்கான பரிகாரம் பெரிய செலவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் போட்டு 24 வோல்ட் நின்ற பிறகு, அதற்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் ஒரு ரிலேயால் இணையுங்கள். பஞ்சிகாவத்தையில் லொறி, பஸ்ஸுக்குப் போடும் 24 வோல்ட் ரிலே கிடைக்கும், 30 அம்பியருக்குக் குறையாததாக வாங்குங்கள், அதன் கொயிலுக்கும் உங்கள் சப்ளையே போதும். கார் ரிலே வேண்டாம், 12 வோல்ட்டுக்குச் செய்த கொண்டாக்ட் 24 வோல்ட் டிசியை வெட்டும்போது பொறி பறந்து ஒட்டிக்கொள்ளலாம். ரிலேக்குப் பிறகு, போர்ட்டுக்கு மிகக் கிட்ட, 1000 மைக்ரோஃபரட்டுக்குக் குறையாத நல்ல கெப்பாசிட்டர் ஒன்றும் இருக்கட்டும், இல்லாவிட்டால் அணைக்கும் நேரத்தில் சோக்கில் மிச்சமிருக்கும் கரண்ட் போக இடமில்லாமல் டிரெய்னில் வோல்டேஜ் உச்சியடிக்கும்.

இப்போது முதல் சோடி, அதாவது உளி விஷயம். ஆணிக்கும் உளிக்கும் உள்ள வித்தியாசம் பருமன் மட்டும் என்று நினைக்காதீர்கள். குளிர்ந்த இரும்பு காந்தத்தன்மையோடு இருக்கிறது, சுமாராக 770 பாகை செல்சியஸ் வரைக்கும் அப்படித்தான், அதுவரை கொயிலிலிருந்து நிறைய இழுக்கும். அந்தச் சூட்டைத் தாண்டியதும் காந்தத்தன்மை போய்விடும், இழுப்பும் சட்டென்று குறையும். ஆகவே ஆபத்து முழுக்க ஆரம்பத்தில் இருக்கிறது. மெல்லிய ஆணி அந்தச் சூட்டை உடனே எட்டிவிடுகிறது. தடித்த உளி வெகுநேரம் குளிராகவே நின்று 15 அம்பியருக்கு மேல் கேட்டுக்கொண்டே இருக்கும். சப்ளை சரிகிறது, கேட் சரிகிறது, ஒசிலேஷன் நிற்கிறது, மேலே சொன்ன அதே கதை. இன்னும் மோசம், பல எஸ்எம்பிஎஸ் இப்படி ஓவர்லோட் ஆனதும் அணைந்து, தானாகவே மறுபடி எழும்பிப் பார்க்கும். உளி இன்னும் கொயிலுக்குள்ளேதான் இருக்கிறது, வோல்டேஜ் மெதுவாக ஏறுகிறது, பாரம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. தொடங்குவதற்கு அதைவிடக் கெட்ட நிலைமை இல்லை. நீங்கள் "டிக் டிக் என்று சத்தம் கேட்டது, பிறகு புகை வந்தது" என்று எழுதியிருந்தீர்கள். அந்த டிக் டிக் சப்ளை எழும்பி எழும்பி விழுந்த சத்தம்தான்.

இந்தப் பிரச்சினைக்கு நான் எல்லோருக்கும் சொல்வது கேட்டுக்குத் தனிச் சப்ளை. பழைய 12 வோல்ட் 1 அம்பியர் அடப்டர் ஒன்று போதும். அதன் நெகட்டிவை மெயின் நெகட்டிவோடு சேர்த்து, 470 ஓம் ரெசிஸ்டர்களின் மேல் முனையை அதற்கு மாற்றிவிடுங்கள். இனி மெயின் சப்ளை எவ்வளவு சரிந்தாலும் கேட்டில் முழு 12 வோல்ட் இருக்கும், மொஸ்ஃபெட் அரைகுறையாக நிற்காது. ஒசிலேஷன் நின்றாலும் எஸ்எம்பிஎஸ் தன் எல்லையில் நிற்கும், மொஸ்ஃபெட் அவ்வளவாகச் சூடாகாது, உயிர் தப்பும். ஆனால் வரிசை முக்கியம். போடும்போது முதலில் மெயின், பிறகு கேட். கேட்டை முதலில் போட்டுவிட்டால் இரண்டும் முழுக்க ஓன் ஆன நிலையில்தான் மெயின் வந்து சேரும், ஒசிலேஷன் தொடங்காது. அணைக்கும்போதும் முதலில் மெயின், பிறகு கேட். லொறி பெட்டரியில் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, பெட்டரி கரண்டுக்கு எல்லை போடாது, லட்ச்அப் வந்தால் மொஸ்ஃபெட் கண்ணெதிரே வெடிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸில் ஃபியூஸை நம்புபவர்களுக்கும் ஒன்று: சப்ளை 15 அம்பியரிலேயே நின்றுகொண்டால் 15 அம்பியர் ஃபியூஸ் எரியவே எரியாது.

சரி, மொஸ்ஃபெட் போனால் கூடவே என்னென்ன போகும்? இதைப் பார்க்காமல் புதுசைப் போடுவதால்தான் நிறையப் பேருக்கு இரண்டாவது சோடியும் போகிறது. டிரெய்னும் கேட்டும் உள்ளே ஷோர்ட் ஆகும்போது டிரெய்ன் வோல்டேஜ் நேரே கேட் பக்கம் வருகிறது. கேட்டைக் காக்கப் போட்டிருக்கும் 12 வோல்ட் ஸீனர் டயோட் அதைத் தாங்கப் பார்த்துச் செத்துவிடும். ஸீனர் ஷோர்ட் ஆகிச் செத்தால் அந்தப் பக்கத்து மொஸ்ஃபெட் திறக்கவே திறக்காது. ஓப்பன் ஆகிச் செத்தால் புது மொஸ்ஃபெட்டின் கேட்டுக்கு 24 வோல்ட் போகும், அதற்கு உயர்ந்தபட்சம் 20தான். ஸீனர் இரண்டையும் டயோட் இரண்டையும் கண்ணால் பார்த்து நல்லது என்று விடாமல் ஒரு காலைக் கழற்றி அளவெடுங்கள், அல்லது நாலையும் மாற்றிவிடுங்கள், விலை பெரிதில்லை. 470 ஓமையும் அளந்து பாருங்கள். ஒரு கேட் கீழே இருக்கும் நேரத்தில் அந்த ரெசிஸ்டரில் 24 வோல்ட்டுக்கு ஒரு வொட்டுக்கு மேல் எரிகிறது. கால் வொட் ரெசிஸ்டர் போட்டிருந்தால் கறுத்து மதிப்பு மாறியிருக்கும். 3 வொட், 5 வொட் போடுங்கள்.

அந்த டயோட் விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும். 1என்4007 போட்டால் ஓடுவது போல இருக்கும், ஆனால் அது 50 ஹேர்ட்ஸ் வேலைக்கானது. டிரெய்ன் மேலே ஏறத் தொடங்கியதும் டயோட் உடனே மூட வேண்டும், இது மூடச் சுணங்கும், அந்தச் சுணக்கத்தில் டிரெய்ன் வோல்டேஜ் டயோட் வழியாகவே கேட்டுக்குள் தள்ளும். ஸீனர் சுடுவதற்கு இது பெரிய காரணம். யூஎஃப்4007 போடுங்கள், அது 75 நானோசெக்கனில் மூடும். வேகமானது என்று சொல்லி 40 வோல்ட் ஷொட்கி டயோட் போடுபவர்களும் இருக்கிறார்கள், அதுவும் பிழை, ஏனென்றால் டிரெய்னில் வருவது 24 வோல்ட் இல்லை. சப்ளையைப் போல 3.14 மடங்கு உச்சிக்குப் போகும், அதாவது 75 வோல்ட். பின்னாளில் 48 வோல்ட்டுக்கு ஏற்ற நினைத்தால் இந்தக் கணக்கை மறக்காதீர்கள். அங்கே உச்சி 150 வோல்ட், 260என் தாங்குவது 200, வயர் நீளத்தால் வரும் உச்சியடி மிச்ச இடைவெளியைச் சாப்பிட்டுவிடும்.

பக்கத்துக்கு இரண்டு மொஸ்ஃபெட் போடலாமா என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். 260என்னின் கேட் சுமார் 4 நானோஃபரட் கெப்பாசிட்டர் மாதிரி. 470 ஓமோடு அது சேர்ந்தால் கிட்டத்தட்ட 2 மைக்ரோசெக்கன். உங்கள் கெப்பாசிட்டர் ஆறும் சேர்ந்து 2 மைக்ரோஃபரட், கொயில் சுமார் 1 மைக்ரோஹென்றி என்று வைத்தால் 110 கிலோஹேர்ட்ஸ் கிட்ட ஓடும், அரைச் சுற்று நாலரை மைக்ரோசெக்கன். ஒரு மொஸ்ஃபெட்டுக்கே பாதி நேரம் கேட்டை நிரப்பப் போகிறது. இரண்டு போட்டால் 4 மைக்ரோசெக்கன் ஆகிவிடும், கேட் நிரம்பி முடியும் முன்பே அணைக்கும் நேரம் வந்துவிடும், நாலும் அரைகுறையாகச் சுடும். பலம் கூட்டப் போய் சூட்டைத்தான் கூட்டுவீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால் தனிக் கேட் சப்ளை வைத்து ரெசிஸ்டரை 220 ஓமுக்குக் குறைக்க வேண்டும். உங்கள் 360 வொட் சப்ளைக்கு அது தேவையே இல்லை.

கெப்பாசிட்டர் சுடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கொயிலுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில் ஓடும் கரண்ட் சப்ளையில் காட்டும் கரண்ட் இல்லை. மேலே சொன்ன மதிப்புகளுக்கு உச்சி 100 அம்பியரைத் தாண்டும், ஆர்எம்எஸ் கணக்கில், அதாவது சூடாக்கும் அளவில், 75 என்று பார்த்தால் ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் 12 அம்பியருக்கு மேல். பொலிப்ரொப்பிலீன் என்றால், அதாவது மேலே எம்கேபி என்று இருந்தால், இளஞ்சூட்டோடு தாங்கும். பொலியெஸ்டர் என்றால் இந்த அலைவரிசையில் அதன் இழப்பு பத்து மடங்குக்கு மேல், உப்பி வெடிக்கும் அல்லது மதிப்புக் குறையும், குறைந்தால் அலைவரிசை ஏறி மொஸ்ஃபெட்டுக்கு இன்னும் கஷ்டம். 2022ல் இலங்கையில் காஸ் தட்டுப்பாட்டு நேரம் நிறைய வீடுகளில் இண்டக்‌ஷன் குக்கர் வாங்கினார்கள், பழுதான போர்டுகள் திருத்துபவர்களிடம் கிடக்கும். அதிலுள்ள 1200 வோல்ட் பெரிய கெப்பாசிட்டர் இந்த வேலைக்கு அருமையானது. அதிலுள்ள ஐஜிபிடி என்ற சுவிட்சிங் டிரான்சிஸ்டரை மட்டும் எடுத்து மொஸ்ஃபெட்டுக்குப் பதிலாகப் போடாதீர்கள், அது மெதுவாக அணையும் சாமான், 100 கிலோஹேர்ட்ஸுக்கு ஒத்துவராது.

கெப்பாசிட்டர்கள் கொயிலின் முனையோடு ஒட்டியிருக்க வேண்டும், மொஸ்ஃபெட் பக்கத்தில் இல்லை. அந்த 100 அம்பியர் போகும் பாதை கைவிரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று கடல் காற்றுப் படும் இடத்தில் இருப்பவர்கள் கொயிலை நட்டுப் போட்டு இறுக்கியிருந்தால் அந்த இடத்தை அடிக்கடி கழற்றிப் பாருங்கள், செம்பு பச்சை பிடித்துவிடும், அங்கே சூடேறி சோல்டர் உருகும்.

சோக் இரண்டையும் ஒருமுறை பாருங்கள். கம்ப்யூட்டர் சப்ளையில் வரும் மஞ்சள் வெள்ளைப் பொடி இரும்பு வளையம் சரி. இடைவெளி இல்லாத ஃபெரைட் வளையத்தில் சுற்றியிருந்தால் சில அம்பியரிலேயே சச்சுரேட் ஆகிவிடும், பிறகு சோக் இருந்தும் இல்லாத மாதிரி. ஹீட் சிங்க் ஒன்றில் இரண்டு மொஸ்ஃபெட்டும் என்றால் மைக்காவும் பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம், முதுகுத் தகடு டிரெய்ன்தான். மைக்கா போட்டேன் என்றாலும் மீட்டரால் டிரெய்னுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் அளந்துவிடுங்கள், சில நேரம் திருகாணியின் பிசிறு குத்திக்கொண்டு நிற்கும்.

அப்புறம் போலி. 260என் என்று அச்சடித்து வேறேதோ வருவது சகஜம், விற்பவருக்கே தெரியாமல் இருக்கும். எழுத்தைத் தேய்த்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அளந்து பார்ப்பதுதான் வழி. 12 வோல்ட் பெட்டரி, 55 வொட் கார் ஹெட்லைட் பல்ப். பல்பை டிரெய்னுக்கு மேலே தொடராகப் போட்டு, சோர்ஸை நெகட்டிவில் கொடுத்து, கேட்டை 1 கிலோஓம் வழியாக 12 வோல்ட்டுக்கு இழுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், சுமார் 4.6 அம்பியர் ஓடும். இப்போது டிரெய்ன் காலின் அடியிலும் சோர்ஸ் காலின் அடியிலும் மீட்டர் முனைகளை நேரே வைத்து மில்லிவோல்ட்டைப் பாருங்கள். நல்ல 260என் என்றால் 190க்குள் நிற்கும். 350க்குக் கிட்டக் காட்டினால் அது 250என் தரத்துச் சாமான், அதற்கு மேலே போனால் திருப்பிக் கொடுங்கள். சூடாவதற்கு முன்பு அளக்க வேண்டும், சூடேறினால் நல்லதும் அதிகமாகக் காட்டும். பழுதானதையும் நல்லதையும் பிரிக்க டயோட் மோடே போதும், ஆனால் முதலில் மூன்று காலையும் ஒன்றாகத் தொட்டுக் கேட்டைக் காலியாக்குங்கள், இல்லாவிட்டால் நல்லதே ஷோர்ட் போலக் காட்டும்.

எல்லாம் மாற்றி முடித்ததும் நேரே 24 வோல்ட்டில் போடாதீர்கள். அதே ஹெட்லைட் பல்பைத் தொடராக வைத்து 12 வோல்ட்டில் தொடங்குங்கள், கேட்டுக்கு அடப்டர், கொயில் வெறுமை. மெயினைப் போடுங்கள், பிறகு கேட்டை. பல்ப் மங்கலாக எரிந்தால் ஒசிலேஷன் இருக்கிறது, முழு வெளிச்சமாக நின்றால் இல்லை. அப்போதும் எந்தச் சாமானும் கருகாது, ஆறுதலாகப் பிழை தேடலாம். ஸ்கோப் (அலை வடிவத்தைக் காட்டும் கருவி) யாரிடமாவது இருந்தால் டிரெய்னைப் பாருங்கள்: அரை வட்டமாக ஒரு மேடு, பிறகு தட்டையாகப் பூச்சியம், மற்றப் பக்கத்தில் அது மாறி மாறி. மேட்டின் ஓரத்தில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் வயர் நீளம், அல்லது டயோட். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிட்டுத்தான் கொயில் பக்கம் போக வேண்டும், அவையும் சுடும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களுக்குக் கிட்டச் செய்யவே கூடாது.

பல்ப் இல்லாமல் 24 வோல்ட்டில் வெறும் கொயில் சில அம்பியரில் நின்றால் ஆணியை விடுங்கள், பிறகு திருகாணி. உளி வேண்டுமென்றால் முனையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, அம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டு, 12ஐத் தாண்ட விடாமல் உள்ளே தள்ளுங்கள், சிவந்து இழுப்புக் குறைந்ததும் மிச்சத்தை விடலாம். கொயிலுக்குள் கண்ணாடி நார்க் குழாய் ஒன்றைச் செருகிவிடுங்கள், உளி இரண்டு சுற்றைத் தொட்டால் கொயில் ஷோர்ட்.

இவ்வளவையும் செய்ய முன்பு ஒரு வேலை: போர்டில் இருக்கும் அந்த இரண்டு டயோட்டின் மேலும் என்ன எழுதியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள், கெப்பாசிட்டரின் மேல் எம்கேபி இருக்கிறதா என்பதையும்.